சரிபார்ப்பு மேசையில் உங்கள் ஃபைல்

சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகிறவர்கள் மதிப்பெண்ணை நம்பிப் போகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரோ சில சமயம் மதிப்பெண்ணைப் பார்க்கவே மாட்டார். அவர் விரல் முதலில் தேதிக்குப் போகும். அடுத்து பெயருக்கு. பிறகு தாளின் உச்சியில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பார். கடைசியாகப் பத்து, பன்னிரண்டு, டிகிரி என்று தாள்களைச் சீட்டு விரிப்பதுபோல வரிசையாக வைத்து, நடுவில் எங்காவது ஆண்டு இடிக்கிறதா என்று தேடுவார். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் பார்த்தேன். உங்கள் ஃபைலை ஒருமுறை அந்தக் கண்ணோடு நீங்களே பார்த்துக்கொள்வதற்குத்தான் இந்த அத்தியாயம்.

ஒரு நாள் கவுன்டர் மூடுகிற நேரத்துக்கு ஒரு பெண் வந்தார், கூடவே அவருடைய அப்பா. பி.எஸ்சி.யை 2015-இல் முடித்ததாகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம். "எதுக்கும்மா கடிதம்? மார்க் ஷீட்லயே இருக்குமே" என்றேன். ஜிப் வைத்த ஃபைலைத் திறந்து கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டை நீட்டினார். தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு என்ற இடத்தில் நவம்பர் 2016 என்று இருந்தது. அலைடு பாடத்தில் ஒரு அரியர், மூன்றாவது முயற்சியில் போயிருக்கிறது. "காலேஜ விட்டு வந்தது 2015தான் சார். டி.சி.யிலேயே போட்டிருக்கு, பாருங்க" என்றார் அப்பா. டி.சி.யில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வேலைக்கான அறிவிக்கை வந்தது 2016 ஆகஸ்டில். அந்தத் தேதியில் அந்தப் பெண் பட்டதாரி இல்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிச் சரிபார்ப்பு வரைக்கும் வந்துவிட்டவர். என்னிடம் கொடுப்பதற்குக் கடிதம் எதுவும் இல்லை.

அப்பா பொய் சொல்லவில்லை. டி.சி.யும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தாளும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மாற்றுச் சான்றிதழ் என்கிற டி.சி., நீங்கள் அந்தக் கல்லூரியை விட்டு எப்போது வெளியே வந்தீர்கள் என்று மட்டும் சொல்லும். பாஸானீர்களா என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் எப்போது பட்டதாரி ஆனீர்கள் என்பதைச் சொல்வது, கடைசி அரியரையும் முடித்த தேர்வும் அதன் முடிவு வெளியான நாளும்தான். அரசு வேலைக்கான அறிவிக்கைகளில் கல்வித் தகுதியை எந்தத் தேதிக்குள் பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் அது அறிவிக்கை நாள். விண்ணப்பிக்கும் முன் அந்த வரியையும் உங்கள் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஃபைலில் என்னென்ன இருக்கிறது

டி.சி.யின் அசல் ஒன்றுதான். அடுத்த கல்லூரியில் சேரும்போது அது அங்கே போய்விடும். அதனால் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து வையுங்கள். பின்பக்கம் காலியாக இருந்தாலும் எடுங்கள்.

செமஸ்டர் மார்க் ஷீட்டுகளில் பாஸானதை வைத்துக்கொண்டு ஃபெயிலானதைக் கிழித்துப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கோபமோ கூச்சமோ, காரணம் எதுவானாலும் கிழிக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியின் தாளையும் கேட்கிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கன்சாலிடேட்டட் என்கிற ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலில் கடைசியில் வாங்கிய மதிப்பெண் மட்டும்தான் இருக்கும். அங்கே வந்து சேர்ந்த வழி இருக்காது.

அடுத்தது புரொவிஷனல். தமிழில் 'தற்காலிகச் சான்றிதழ்' என்று போட்டிருப்பதால், ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. இவர் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டார், பட்டம் பெறத் தகுதியானவர், பட்டமளிப்புதான் பாக்கி என்பதுதான் அதன் பொருள். தமிழ்நாட்டில் வேலைக்கும் மேல்படிப்புக்கும் பெரும்பாலும் இதை வைத்தே ஓட்டிவிடலாம். ஓட்டிவிடலாம் என்பதால்தான் பலர் பட்டச் சான்றிதழை வாங்குவதே இல்லை. மாணவர் தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்கிவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2008-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. நடைமுறையில் அது இழுக்கும். ஆனால் தாமதத்துக்குப் பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. எங்கள் பிரிவில் இரும்பு அலமாரி நிறைய, உரியவர்கள் வாங்க வராத பட்டச் சான்றிதழ்கள் கல்லூரி வாரியாகக் கட்டுக்கட்டாக இருந்தன. விசா நேர்காணலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த அலமாரியைத் தேடி ஓடி வருவார்கள். விழாவுக்குப் போக முடியாவிட்டால் 'இன் அப்சென்ஷியா' என்று பணம் கட்டித் தபாலிலேயே பெறலாம். வேலை கிடைத்த கையோடு இதைச் செய்துவிடுங்கள்.

ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கேட்கிற மைக்ரேஷன் சான்றிதழைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேட்டால் வாங்குங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். அதைவிட முக்கியமானது உண்மைத்தன்மைச் சான்று. பேச்சில் எல்லோரும் 'ஜெனியூன்னஸ்' என்றுதான் சொல்வார்கள். அரசுப் பணியில் சேர்ந்தவருடைய துறை, அவருடைய சான்றிதழ் நகலை அதை வழங்கிய பல்கலைக்கழகத்துக்கோ தேர்வுத் துறைக்கோ அனுப்பி, இது நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்கும். பதில் வரும்வரை பணிவரன்முறை, தகுதிகாண் பருவம் முடித்தல் எல்லாம் காத்திருக்கும். ஆசிரியர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இதில் மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். கடிதம் தவறான பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

கல்லூரி வேறு, பட்டம் கொடுப்பவர் வேறு

"எங்கே படித்தீர்கள்?" என்றால் லயோலா, ஸ்டெல்லா மேரிஸ், மாநிலக் கல்லூரி என்று கல்லூரியின் பெயரைச் சொல்கிறோம். தேர்வு நடத்துவதும் மார்க் ஷீட் அடிப்பதும் அந்தத் தன்னாட்சிக் கல்லூரிகள்தான். ஆனால் பட்டத்தைத் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22-ஆவது பிரிவு வரையறுத்திருக்கிறது: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். வேறு யார் கொடுத்தாலும், தாள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், அது பட்டம் இல்லை. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி.யே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பிரிவின் வீச்சு எவ்வளவு என்பதற்கு ஒரு உதாரணம். ஐ.ஐ.எம்.கள் நாடே மெச்சுகிற நிறுவனங்கள். ஆனால் அவை பல்கலைக்கழகங்கள் அல்ல. அதனால் பல பத்தாண்டுகளாக அங்கே படித்து வெளியே வந்தவர்களின் கையில் இருந்தது எம்.பி.ஏ. பட்டம் இல்லை, முதுநிலைப் பட்டயம்தான். 2017-இல் தனிச் சட்டம் இயற்றி, 2018 ஜனவரி 31-இல் அது நடைமுறைக்கு வந்த பிறகுதான் அவை பட்டம் கொடுக்கத் தொடங்கின.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. கல்லூரி இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு மேலே இருக்கிற பல்கலைக்கழகம் மாறிவிடும். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லை ஒரு காலத்தில் மிகப் பெரிது. 1982-இல் பாரதியாரும் பாரதிதாசனும், 1997-இல் சேலத்தில் பெரியாரும், 2002-இல் வேலூரில் திருவள்ளுவரும் வர வர அது சுருங்கியது. தெற்கே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த நெல்லைக் கல்லூரிகள் 1990-க்குப் பிறகு மனோன்மணியம் சுந்தரனாருக்குப் போயின. ஆகவே ஒரே கல்லூரியில் அண்ணன் வாங்கிய பட்டமும் தம்பி வாங்கிய பட்டமும் வேறு வேறு பல்கலைக்கழகமாக இருக்கலாம். பொறியியலில் குழப்பம் இன்னும் கூடுதல். 2001 வாக்கில்தான் தனியார் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2007-இல் அது கோவை, திருச்சி, நெல்லை என்று பிரிக்கப்பட்டது, பிறகு மதுரையும் சேர்ந்தது; 2012-இல் எல்லாம் மறுபடி ஒன்றாகின. நடுவில் படித்தவர்களின் தாளில் இருக்கிற பல்கலைக்கழகத்தின் பெயரில் இன்றைக்குப் பல்கலைக்கழகமே கிடையாது. அவர்கள் பதற வேண்டியதில்லை, தாள் செல்லும். உண்மைத்தன்மைக்கான கடிதத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் தங்கள் அலுவலகத்துக்கு அவர்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

வரிசை

பழைய எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்போடு முடியும். அதன் மேல் ஓராண்டு பி.யு.சி., பிறகு பட்டம். 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது அது பத்து, இரண்டு, மூன்று என்று மாறியது. இரண்டு வழியிலும் கூட்டிப் பாருங்கள், பதினைந்துதான் வரும். சரிபார்ப்பவர் கையில் இருக்கிற அளவுகோல் இந்தப் பதினைந்து.

இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பைக்கூட முடிக்காமல், வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு திறந்தநிலை முறையில் நேரடியாக எம்.ஏ. சேர்ந்து பட்டம் வாங்கினார்கள். அப்படி வாங்கிய முதுநிலைப் பட்டத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஒரு வழக்கில் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18-இல் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்ட அரசாணை எண் 107, பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற பட்டங்கள் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்றது. பின்னர் 2016-ஆம் ஆண்டு அரசு ஊழியர் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலும் இந்த வரிசை இடம்பெற்றது. படிப்பின் மீது ஆசைப்பட்டு ஐம்பது வயதில் எம்.ஏ. தமிழ் படித்தவருக்கு அந்தப் படிப்பு படிப்புதான், அதை யாரும் பிடுங்க முடியாது. வேலைக்கு அது உதவாது என்பதைச் சேர்க்கும்போதே யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வரிசையில் சில கிளை வழிகள் முறையானவை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ, அதிலிருந்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு என்பது நன்றாகத் தேய்ந்த பாதை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், மொழிப்பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். இது தெரியாமல் பலர் மறுபடி டுடோரியலில் சேர்ந்து பிளஸ் டூ எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே காலத்தில் இரண்டு பட்டம் படித்ததும் முன்பு வரிசையில் இடித்தது. ஒன்றை ரெகுலரிலும் இன்னொன்றைக் கரஸ்ஸிலும் படித்துவிட்டு, விண்ணப்பத்தில் இரண்டையும் பெருமையாகப் போட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 2022-இல் யு.ஜி.சி. வழிகாட்டுதல் வெளியிட்டு, வகுப்பு நேரம் மோதாத வரை இரண்டு படிப்புகளைச் சேர்ந்தாற்போல் படிக்க அனுமதித்துவிட்டது. அஞ்சல்வழியில் சேர்கிறவர்கள், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை அந்தக் கல்வியாண்டில் தொலைநிலையில் நடத்த அனுமதி இருக்கிறதா என்பதை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விக் குழுப் பக்கத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. படிப்புக்கும் இருக்க வேண்டும், ஆண்டுக்கும் இருக்க வேண்டும். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பது ஆதாரம் இல்லை.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு வரிசை இன்னும் நீளம். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு டிகிரியை மட்டும் தமிழில் படித்தால் போதாது. தேர்வாணையம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கேட்கிறது. நான்கு பள்ளி மாறியவர் நான்கு தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இதை அறிவிக்கை வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைத் தேடி அலைவது எப்படியிருக்கும் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு இனிஷியலின் தொல்லை

முருகன் என்று ஒருவர். பத்தாம் வகுப்பில் செ. முருகன். கல்லூரி கம்ப்யூட்டரில் ஏறும்போது முருகன் செ. ஆனார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரோ சொல்ல, அப்பா பெயரை விரித்து முருகன் செல்வம் ஆனார். வெளிநாட்டு நிறுவனம் அவரை மிஸ்டர் செல்வம் என்று கூப்பிடுகிறது. அது அப்பா என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்கு மூன்றும் ஒருவர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மூன்று பேர்.

பெண்களுக்கு இதோடு நிற்பதில்லை. சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு திருத்திய ஆதாரில் கணவரின் இனிஷியல். என் கருத்து: கல்யாணமானால் இனிஷியலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றிவிட்டால் திருமணப் பதிவுச் சான்றும், இருவரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரமும் சாகும்வரை ஃபைலில் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு வம்பு. கவிதாவில் ஒரு எச் கூடினாலும் குறைந்தாலும், தமிழ்ச்செல்வியின் ழகரத்தை ஒரு இடத்தில் ஒருவிதமாகவும் இன்னொரு இடத்தில் வேறுவிதமாகவும் எழுதினாலும் கேள்வி வரும்.

எல்லாவற்றுக்கும் வேர் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். பெயரும் பிறந்த தேதியும் அதில் எப்படி இருக்கிறதோ, அதைத்தான் மற்ற எல்லாம் பின்பற்ற வேண்டும். கெசட்டில் பெயர் மாற்றினால்கூடப் பழைய மார்க் ஷீட் தானாக மாறிவிடாது. கெசட் பிரதியைக் கூடவே வைத்துக் காட்ட வேண்டியதுதான். உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், தேர்வுக்கு முன் பள்ளியில் நாமினல் ரோல் என்கிற மாணவர் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அவசர அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். அன்றைக்குச் செலவழிக்கிற பத்து நிமிடம் பிறகு பத்து வருஷ அலைச்சலை மிச்சம் பிடிக்கும்.

பட்டமும் பட்டயமும்

தமிழில் பட்டத்துக்கும் பட்டயத்துக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தில் பல பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். பட்டயம் என்பது டிப்ளமோ. முதுநிலைப் பட்டயம் என்றால் டிகிரிக்குப் பிறகு பெரும்பாலும் ஓராண்டு படிப்பது. பெயரில் 'முதுநிலை' இருப்பதால் அது எம்.ஏ.வுக்குச் சமம் ஆகிவிடாது. 'சான்றிதழ்' என்ற சொல்லும் இரட்டை வேலை பார்க்கிறது. கையில் இருக்கிற எல்லாத் தாளும் சான்றிதழ்தான். ஆனால் 'சான்றிதழ்ப் படிப்பு' என்றால் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படியில் இருக்கிற குறுகிய காலப் படிப்பு.

இந்தப் படிகளுக்கு இப்போது எண் போட்டிருக்கிறார்கள். 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் பத்தாம் வகுப்பு 3, பிளஸ் டூ 4. கல்லூரியில் முதலாண்டு முடித்தால் 4.5, இரண்டாமாண்டு 5, மூன்றாண்டுப் பட்டம் 5.5, நான்காண்டுப் பட்டம் 6. எம்.ஏ., எம்.எஸ்சி. 6.5, எம்.டெக். 7, பிஎச்.டி. 8. முதலாண்டோடு நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாண்டோடு நிறுத்தினால் பட்டயம் என்பது புதிய தேசியக் கல்விக் கொள்கையின் ஏற்பாடு. தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம்தான் தொடர்கிறது. எம்.ஃபில்.லை யு.ஜி.சி.யின் 2022-ஆம் ஆண்டு பிஎச்.டி. ஒழுங்குமுறை நிறுத்தச் சொல்லிவிட்டது. அதற்கு முன் முறையாக வாங்கியவர்களின் எம்.ஃபில்.லுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இனி யாராவது சேர்க்கிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள்.

எண் இருப்பதால் நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுவிடலாம் என்று நினைத்தால் தவறு. 8 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் அது முனைவர் பட்டம். ஆஸ்திரேலியாவில் ஹானர்ஸ் பட்டம். பன்னிரண்டு படிகள் கொண்ட இலங்கைக் கட்டமைப்பில் முதுநிலைப் பட்டயம். அங்கே முனைவர் பட்டத்துக்கு எண் 12. யாழ்ப்பாணத்திலிருந்து மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தோடு வருபவர் ஐந்தாம் நிலை, நான்காண்டு சிறப்புப் பட்டத்தோடு வருபவர் ஆறாம் நிலை. இங்கிலாந்தில் நான்காம் நிலை என்பது கல்லூரி முதலாண்டு அளவுள்ள உயர்கல்விச் சான்றிதழ், ஐந்து பட்டயம், ஆறு ஹானர்ஸ் பட்டம், ஏழு மாஸ்டர்ஸ். இந்த ஏழில்தான் ஏஜென்ட்டுகள் விளையாடுவார்கள். "லெவல் 7 டிப்ளமோ சார், மாஸ்டர்ஸுக்குச் சமம்" என்பார்கள். நிலை சமம்தான், அளவு சமமில்லை. அங்கே மாஸ்டர்ஸுக்கு 180 கிரெடிட். அந்த டிப்ளமோ வழக்கமாக 120. ஒரே மாடியில் இருந்தாலும் திண்ணையும் கூடமும் ஒன்றா?

நிலை பொருந்தினாலும் பாடம் பொருந்த வேண்டும். மாணவர்களை இழுப்பதற்காகக் கல்லூரிகள் பழைய பாடத்துக்குப் புதுப்பெயர் வைக்கின்றன. வேலை அறிவிக்கையிலோ பழைய பெயர்தான் இருக்கும். உங்கள் பட்டம் அதற்கு இணைதான் என்று அரசாணை இருந்தால் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் தங்கப் பதக்கம் வாங்கியவரும் வெளியேதான். மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பரிந்துரைக்கும், அரசு ஆணை போடும். 'இணை' என்றும் வரும், 'இணையில்லை' என்றும் வரும். சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில், "இதுக்கு ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. இருக்கா, நம்பர் சொல்லுங்க" என்று கேளுங்கள். நம்பர் சொல்லாமல் "அதெல்லாம் இருக்கு" என்று மட்டும் சொன்னால், இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் தாண்டும்போது

டிரான்ஸ்கிரிப்ட் என்பது மார்க் ஷீட்டின் நகல் இல்லை. எல்லா செமஸ்டரையும் ஒரே ஆவணமாகத் தொகுத்துப் பல்கலைக்கழகம் முத்திரையிட்டுத் தருவது. கனடா போகிறவர்கள் நாடும் மதிப்பீட்டு நிறுவனங்கள் அதைப் பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாக எதிர்பார்க்கும். உறையை நீங்கள் பிரித்துவிட்டால் பணம் வீண். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். என்கிற கல்விச் சான்றிதழ் சரிபார்ப்புச் சான்று கட்டாயம். சி.ஜி.பி.ஏ.யைச் சதவீதமாக்க ஆளாளுக்கு ஒரு கணக்கு உண்டு. பத்தாம் வகுப்பில் அந்த முறை இருந்தபோது சி.பி.எஸ்.இ. 9.5-ஆல் பெருக்கச் சொன்னது. வேறு இடங்களில் பத்தால் பெருக்குவார்கள். நீங்களே பெருக்கி எழுதாதீர்கள். பல்கலைக்கழகத்தின் கணக்கு என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வெளிநாட்டில் செல்வதற்காகப் போடுகிற அப்போஸ்டில் முத்திரை, ஹேக் உடன்படிக்கையில் இருக்கிற நாடுகளுக்கு மட்டும்தான். இந்தியா அதில் 2005-இலிருந்து இருக்கிறது. சிங்கப்பூர் 2021-இல் வந்தது. வளைகுடா முழுக்க ஒரே விதி என்று நினைக்காதீர்கள்: சவூதிக்கு 2022-இலிருந்து அப்போஸ்டில் போதும், துபாய்க்கோ தூதரக முத்திரை வேண்டும்.

இந்த முத்திரை எங்கே விழும் தெரியுமா? சான்றிதழின் முதுகில். அதனால்தான் லேமினேஷன் செய்த சான்றிதழைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பிள்ளை பாஸானதும் அப்பாமார்கள் செய்கிற முதல் காரியம் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்வதுதான். பாசத்தில் செய்வது, திட்டவும் மனம் வராது. ஆனால் பிளாஸ்டிக் மேல் சீல் ஒட்டாது. பிரிக்கப் போனால் அச்சு மையும் கூடவே வந்துவிடும். செய்துவிட்டிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

தொலைந்துபோனாலும் அதே வழிதான், கூடுதலாகக் காவல் துறையின் சான்று வேண்டும். காவல் துறை இணையதளத்தில் ஆவணம் தொலைந்த புகாரைப் பதிந்துவிட்டு, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்றால் படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும், டிகிரி என்றால் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கும் எழுத வேண்டும். பதிவெண்ணும் தேர்வெழுதிய மாதமும் ஆண்டும் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. அந்த மூன்றையும் இன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சான்றிதழ் ஃபைலுக்குள் இல்லாமல் வேறு எங்காவது வையுங்கள். டிஜிலாக்கரில் உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றியிருந்தால் அதையும் இறக்கி வையுங்கள். கல்லூரி ஏதாவது காரணம் சொல்லி உங்கள் அசலைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதன் பிரதி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.